கிட்டார் லாக்கர் தேய்வது பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்குப் பக்கத்தில், வீட்டோடு ஒட்டிய ஒரு சின்ன அறையில் கிட்டார் பழுது பார்க்கிறேன். தேவாலயப் பாடகர் குழு, கல்யாண வீட்டு இசைக்குழு, தோட்டத்துத் திருவிழா மேடை என்று வாசிக்கிறவர்கள் கொண்டுவருவார்கள். கம்பி மாற்ற வந்தவர்கூடக் கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான்: "பெயின்ட் போகுதே அண்ணே, என்ன செய்றது?" அவர்கள் பெயின்ட் என்பது கிட்டார் மரத்துக்கு மேல் அடிக்கும் லாக்கர் என்ற பூச்சை. அந்தக் கேள்வி வரும் வடிவங்களை எல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்வு வேறு, சேதம் வேறு. கையும் சட்டையும் வருடக்கணக்கில் உரசி மெலிவது தேய்வு. ஈரம், ரப்பர், ஸ்பிரிட், கவனமில்லாத ஒரு நிமிடம், இவற்றால் வருவது சேதம். தேய்வைத் தொடாமல் விடலாம். சேதத்தை வரும் முன்னே தடுக்க வேண்டும்.

லாக்கர் என்பது நம்முடைய அரக்கா?

பெயரில் உறவு உண்டு, பொருள் வேறு. அரக்கு என்பது ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் விட்டுவைக்கும் பிசின். மாத்தளைக்குப் பக்கத்தில் ஹப்புவிட கிராமத்தில் அதைச் சூடாக்கி, நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாலேயே வெட்டி ஒட்டிச் சித்திரம் செய்கிறார்கள். 'லாக்கர்' என்ற சொல்லும் அரக்கின் வடமொழிப் பெயரான லாக்ஷாவிலிருந்து வழிவழியாகப் போனதுதான்.

கிட்டாரில் அடிப்பது நைட்ரோசெலுலோஸ் லாக்கர். பஞ்சு போன்ற நார்ப்பொருளை நைட்ரிக் அமிலமும் சல்பூரிக் அமிலமும் கலந்ததில் பதப்படுத்தி, அதைத் தின்னரில் கரைத்து எடுப்பது. 1920களில் டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் இதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்கு அடித்த பெயின்ட் காய நாட்கணக்கில், வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இது மளமளவென்று காய்ந்தது. கிட்டார் செய்கிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஃபெண்டர் கம்பெனி 1950களிலும் 60களிலும் கொடுத்த விசேஷ நிறங்கள் பெரும்பாலும் கார் நிறங்களேதான். நம் ஊர்த் தளபாடக்காரர்கள் 'என்சி' என்று சொல்லி டின்னில் வாங்குவதும் இதே குடும்பம்தான்.

தின்னர் ஆவியாகிப் போனதும் மிஞ்சுகிற படலம்தான் லாக்கர். கற்கண்டைத் தண்ணீரில் போட்டால் திரும்பவும் கரைகிறதல்லவா, அதுபோல எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் இது கரையும். இன்றைய பெரும்பாலான கிட்டார்களில் இருக்கும் பொலியூரிதேன், பொலியெஸ்டர் பூச்சுகள் அவித்த முட்டை மாதிரி. இறுகியது இறுகியதுதான். தேய்வு பற்றிய மற்ற எல்லாப் பேச்சும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைப்பதுதான்.

என்னுடையது நைட்ரோவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எங்கே, எந்த வரிசையில் செய்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் செய்த கிப்சன்களில் பெரும்பாலும் நைட்ரோதான். ஃபெண்டர் 1960களின் முடிவில் தடித்த பொலியெஸ்டருக்கு மாறியது. இப்போது பழைய மாதிரியில் செய்யும் சில வரிசைகளுக்கு மட்டும் நைட்ரோ அடிக்கிறது. ஸ்குவையர், எபிஃபோன், யமஹா, ஐபனெஸ் என்று நம் பக்கம் அதிகம் புழங்குபவை அநேகமாக எல்லாமே பொலி.

உறுதி செய்ய வேண்டுமானால், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் ஒரு சொட்டு. நகப்பூச்சு அழிப்பதும் பல கடைகளில் அசிட்டோன்தான், போத்தலில் பார்த்து வாங்குங்கள். பின்பக்க மூடியைக் கழற்றினால் வயர் இருக்கும் குழியின் ஓரம் தெரியும். வெளியே தெரியாத அந்த இடத்தில் மெல்லத் தொட்டு எடுங்கள். பஞ்சில் நிறம் ஏறி இடம் பிசுபிசுத்தால் கரையும் வகை. ஒன்றுமே ஆகாவிட்டால் பொலி. முன்பக்கத்தில் எந்தக் காரணத்துக்கும் செய்துபார்க்காதீர்கள்.

கண்ணாலேயே சொல்லவும் ஒரு வழி உண்டு. பொலி தேயாது, சில்லாகப் பெயரும். விளிம்பு கண்ணாடி உடைந்த மாதிரி கூராக இருக்கும். நைட்ரோ ஆற்றங்கரை சரிவது போல, எங்கே தொடங்கியது என்று விரலால் தடவிச் சொல்ல முடியாதபடி மெலியும்.

எந்த இடம் முதலில் தேயும்? என் கிட்டார் இரண்டு வருடத்திலேயே தேய்ந்துவிட்டது, இது சரியா?

சரிதான். நைட்ரோப் பூச்சு முழுவதுமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தடித்த பொலியெஸ்டர் அதைப்போல நாலைந்து மடங்கு இருக்கும்.

என் சொந்தக் கிட்டாரான கிப்சன் எஸ்ஜியையே சொல்கிறேன். சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கிட்டார். செர்ரிச் சிவப்பு, மினுக்கமில்லாத மெல்லிய பூச்சு. முதல் வருடம் வலது முழங்கை படும் மேல் விளிம்பில் ஒரு பளபளப்பு வந்தது. மினுக்கமில்லாத பூச்சு தேயத் தொடங்கும்போது முதலில் மினுங்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். பளபளப்பான பூச்சாக இருந்தால் தலைகீழ், மங்கலில் தொடங்கும். மூன்றாம் வருடம் அந்த இடத்துச் சிவப்பு வெளுத்து, பழைய செங்கல் நிறத்துக்கு வந்தது. அப்புறம் ஒரு நாள் மேடை விளக்கில் சரித்துப் பார்த்தபோது சீலர் என்கிற அடிப்பூச்சும் போய், மகோகனி மரத்தின் நார்க்கோடுகள் தெரிந்தன. இப்போது ஒரு வெற்றிலை அளவுக்கு வெறும் மரம். வியர்வை ஊறி, தேயிலைச் சாயம் ஏறிய கோப்பையின் அடி மாதிரி கறுத்திருக்கிறது. அதற்கு மேல் அது பெரிதாக வளரவில்லை.

முழங்கைக்கு அடுத்தது பின்பக்கம், இடுப்புப்பட்டி வளையம் உரசும் இடம். அது தேய்வுகூட இல்லை, நூற்றுக்கணக்கான கீறல்கள் சேர்ந்து ஒரு திட்டாகிவிடும். பிறகு பிக் படுகிற இடம், கழுத்தின் பின்புறம் பெருவிரல் ஓடும் தடம், உள்ளங்கை படியும் பிரிட்ஜ் ஓரம். மேப்பிள் விரற்பலகையிலும் லாக்கர் அடித்திருப்பார்கள். அதில் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் கறுக்கத் தொடங்கினால் நீங்கள் எந்தக் கோர்ட் அதிகம் பிடிக்கிறீர்கள் என்று யாரும் சொல்லிவிடலாம்.

மலையில் வாசிக்கிறவர்களிடம் நான் தனியாகக் கவனித்த ஒன்று. கொழும்பில் வெறுங்கையோடு வாசிக்கிறவர் கிட்டார் வியர்வையில் தேய்கிறது. நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் ஸ்வெட்டர் கையோடு வாசிக்கிறோம். கம்பளி நூல் மரம் தெரியுமளவுக்கு இலேசில் கொண்டுபோகாது, பெரிய வட்டமாகப் பளபளப்பாக்கிவிடும். பின்பக்கத்தில் மட்டும் ஜாக்கெட் சிப் நேர்கோடாகக் கிழித்திருக்கும். சிப்பைத் திறந்து விட்டுக்கொண்டு வாசிக்கப் பழகுங்கள்.

குறுக்கே மயிரிழை மாதிரி வெடிப்புகள். மரம் வெடிக்கிறதா?

பெரும்பாலும் இல்லை, பூச்சு மட்டும்தான். நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பூச்சு வெடிப்பு மர ரேகைக்குக் குறுக்கே, சிலந்தி நூல் மாதிரி ஓடும். ரேகையோடு சேர்ந்து நீளமாக ஓடி, இரு பக்கமும் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் மரம்தான். அதை உடனே காட்டுங்கள்.

பூச்சு ஏன் வெடிக்கிறது? நைட்ரோசெலுலோஸ் தனியாக நின்றால் நொறுங்கிவிடும். வளைந்துகொடுக்க ஒரு மிருதுவாக்கி சேர்ப்பார்கள். தொடக்க காலத்தில் அந்த வேலையைச் செய்தது நாம் கோயிலில் கொளுத்தும் கற்பூரம். ஆமணக்கெண்ணெயும் சேர்த்திருக்கிறார்கள். பழைய செலுலாய்ட் பிக்குகள் நைட்ரோசெலுலோஸும் கற்பூரமும் சேர்ந்து பிறந்தவைதான். கற்பூரக் கட்டியைத் திறந்து வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காற்றோடு போய்விடும், தெரியும்தானே. லாக்கருக்குள் இருக்கும் மிருதுவாக்கியும் இப்படித்தான் மெல்ல மெல்ல வெளியேறும். பூச்சு விறைத்துவிடும். மரமோ ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். விறைத்த பூச்சு கூடவே போக முடியாமல் பிளக்கிறது. திடீர்க் குளிர் அதை ஒரே நொடியில் செய்துவிடும். கனடாவிலிருந்து மாரிகாலத்தில் விமானச் சரக்கோடு வந்த ஒரு கிப்சன் லெஸ் போல் கிட்டாரை என் மேசையில்தான் திறந்தோம். முகம் முழுக்க வெடிப்பு, காய்ந்த குளத்தை மேலிருந்து பார்த்தது போல. வாசிப்புக்கு எந்தக் குறையும் இல்லை. இன்றும் மேடையில் இருக்கிறது.

நம் குளிர் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி விழும். அங்கே ஐந்து மணிக்கு வான் வண்டியில் ஏற்றிய கிட்டார் மத்தியானம் கொழும்பு மண்டபத்தில் 30 பாகைக்கு மேல் வெக்கையில் இறங்கும். ஒரு முறை அவசரத்தில் போனவுடன் பெட்டியைத் திறந்தேன். கண் முன்னாலேயே உடம்பு முழுக்கப் பனித்தது, கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல. பிக்கப் திருகுகளின் தலையில்கூடத் துளி நின்றது. அன்றிலிருந்து பெட்டியை மூடியபடியே இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் திறப்பேன். இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

ரயிலில் பதுளைப் பக்கம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். தென்மேற்குப் பருவத்தில் பட்டிப்பொலையில் மழையோடு சுரங்கத்துக்குள் நுழையும் ரயில் ஒஹியாப் பக்கம் வெயிலில் வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஊவாவில் அடிப்பது காய்ந்த காற்று. ஹட்டனில் மாதக்கணக்கில் ஈரத்தில் உப்பியிருந்த மரத்துக்கு அது பெரிய மாற்றம். அங்கும் பெட்டியை மூடியே வையுங்கள்.

வெள்ளைக் கிட்டார் மஞ்சளாகிவிட்டது. அழுக்கா?

அழுக்கில்லை, வயது. வெளிச்சமும் காற்றும் பட்டு மேலே இருக்கும் தெளிந்த லாக்கர் மஞ்சளிக்கிறது. வெள்ளை வெண்ணெய் நிறமாகும். அதே மஞ்சள் நீலத்தின் மேல் வந்தால் பச்சை கலந்து தெரியும். தேய்த்துக் கழுவினால் மஞ்சள் போகாது, பூச்சுத்தான் போகும். சிவப்புச் சாயம் வேறு விதம், வெளிச்சத்தில் வெளுத்தே போய்விடும். 1958, 59இல் வந்த கிப்சன் லெஸ் போல்களில் ஓரத்துச் சிவப்பு மறைந்து தேன் நிறமானது அப்படித்தான். இன்று அந்த மறைந்த நிறத்துக்குத்தான் ஆட்கள் அலைகிறார்கள். ஜன்னலோரம் தொங்கவிடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

மலையகத்தில் கிட்டாருக்கு உண்மையான எதிரி முழங்கையோ பிக்கோ கிடையாது, ஈரம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. லயன் வீடுகளில் சுவரே வியர்க்கும். அந்தச் சுவரில் கிட்டாரைத் தொங்கவிட்டால் பின்பக்கம் பூஞ்சணம் பூக்கும்.

உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயர்த்தி, பெட்டிக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று போடுங்கள். அவற்றுக்கும் ஆயுள் உண்டு, மாதம் ஒரு முறை அடுப்புச் சூட்டில் உலர்த்தி எடுங்கள். வாரம் ஒரு முறை கிட்டாரை எடுத்து வாசியுங்கள், பெட்டிக்கும் காற்றுப்படும். பெட்டிக்குள் பூச்சி உருண்டையோ கற்பூரமோ போடாதீர்கள். மேலே சொன்ன காரணம்தான், கற்பூர ஆவி லாக்கரோடு சேரும் குணமுள்ளது. பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரம் பிழிந்த துணியால் ஒரு முறை, உடனே காய்ந்த துணியால் ஒரு முறை, முடிந்தது.

மழை மாதத்தில் லாக்கர் அடிக்கவே கூடாது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் மாட்டி, பால் ஊற்றியது போல வெளிறும். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிறவர் காற்றின் ஈரத்தைப் பார்த்துத்தான் வேலையை நடத்துவார். லாக்கர் அடிக்கிறவருக்கும் அதே பொறுமை வேண்டும். ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, காலைப் பனி விலகிய பிறகு அடியுங்கள்.

ஸ்டாண்டில் வைத்த இடத்தில் தடம் விழுந்துவிட்டது. ஏன்?

இது தேய்வில் சேராது, சுத்தமான சேதம். மலிவு ஸ்டாண்டுகளின் ரப்பரிலும் நுரையிலும், தோல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பட்டிகளிலும் மிருதுவாக்கி எண்ணெய்கள் உண்டு. அவை லாக்கருக்குள் ஊறி அதை இளக்கிவிடும். ஒரு தேவாலயத்தில் பயிற்சிக்காக மூன்று வாரம் ஸ்டாண்டிலேயே நின்ற கிட்டார் ஒன்று வந்தது. அடியில் இரண்டு உதடு பதித்தது போலத் தடம், நுரையின் துளைகள்கூட அச்சாக விழுந்திருந்தன. தொட்டால் ஒட்டியது. வாசித்த தம்பி கண்கலங்கிப் போனான்.

தடத்தைத் தொடாமல் காற்றாட ஓரிரு வாரம் விடுங்கள், கொஞ்சம் இறுகும். முழுக்கச் சரியாவது அரிது. தடுப்பது சுலபம்: ஸ்டாண்டின் கைகளுக்குப் பழைய பருத்திக் காலுறை மாட்டுங்கள். பட்டி பருத்தியோ நிஜத் தோலோ பாருங்கள், பட்டியைச் சுற்றிக் கிட்டார் மேல் போட்டு மூடாதீர்கள்.

எதனால் துடைக்கலாம்?

பல தடவை தோய்த்து நைந்த பருத்தித் துணி. வாயால் ஊதிப் பனித்ததும் துடையுங்கள், பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். பிசுக்கு இருந்தால் சிப்போ லைட்டருக்கு ஊற்றும் திரவம் துணியில் சில சொட்டு. நெருப்புப் பக்கத்தில் இருக்கவே கூடாது. நைட்ரோசெலுலோஸும் சுலபமாகப் பற்றும் பொருள்.

கை கழுவும் சனிடைசர், சர்ஜிகல் ஸ்பிரிட், தின்னர் எதுவும் ஆகாது. நுளம்புக்கும் அட்டைக்கும் பூசும் மருந்துகளில் டீட் (DEET) என்ற இரசாயனம் இருந்தால் அது லாக்கரைக் கரைக்கும், பூசிய கையோடு கிட்டாரைத் தொடாதீர்கள். வாகனத்துக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்பிரேயில் சிலிக்கோன் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிற்காலத்தில் லாக்கர் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். வெடிப்பு உள்ள கிட்டாருக்கு மெழுகும் வேண்டாம், கோடுகளுக்குள் வெள்ளையாக மாட்டிக்கொள்ளும்.

கழுத்து ஒட்டுகிறது, கை ஓடவில்லை.

வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் நைட்ரோக் கழுத்து அப்படித்தான் ஆகும். முதலில் மேலே சொன்ன மாதிரி துடையுங்கள். போதாவிட்டால் மிக மெல்லிய நான்கு பூச்சிய இரும்புப் பஞ்சால், நீளவாக்கில் மட்டும், பத்து இழுப்பு. பிக்கப் காந்தத்தில் தூள் ஒட்டாமல் டேப் போட்டு மூடிவிட்டுச் செய்யுங்கள்.

மரமே தெரிகிறது. மேலே ஏதாவது பூச வேண்டாமா?

உடம்பில் என்றால் நான் பூசமாட்டேன். ராக் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரைப் படத்தில் பாருங்கள். அயர்லாந்தின் கோர்க் நகரத்தில் 1963இல் வாங்கினார். அதன் சன்பர்ஸ்ட் நிறம் பெரும்பகுதி போய் வெறும் மரமாகவே நின்றது, 1995இல் இறக்கும்வரை அதைத்தான் வாசித்தார். மரம் தெரிவதால் கிட்டார் கெடுவதில்லை.

மழை மாதங்களில் தினம் வாசிக்கிறவர், கழுத்தில் மரம் தெரிகிறது என்றால் பேச்சு வேறு. கழுத்து ஈரம் குடித்தால் வளையும். ஷெல்லாக் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு இரண்டு. தளபாடத்துக்குப் பொலிஷ் போடும் ஆசாரியிடம் கேட்டால் கிடைக்கும். ஷெல்லாக்கும் அரக்கிலிருந்து எடுப்பதுதான். பார்த்தீர்களா, கடைசியில் நம் அரக்கிடமே வந்துவிட்டோம். ஒரு எச்சரிக்கை: அந்த ஸ்பிரிட் சுற்றியுள்ள லாக்கரையும் இளக்கும். ஓரத்தை டேப்பால் மறைத்து, அநேகமாக உலர்ந்த துணியால் பூசுங்கள்.

சின்னதாகச் சில்லுப் போன இடத்துக்குப் புது லாக்கர் சொட்டு வைக்கலாம். பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். இந்தக் குணம் பொலிக்குக் கிடையாது. எனக்கு நைட்ரோ பிடிப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

நைட்ரோ என்றால் சத்தம் நன்றாக இருக்குமாமே?

திண்மரக் கிட்டாரில் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். பிக்கப் பிடிப்பது கம்பியின் அசைவை. 'மரம் மூச்சுவிடும்' என்பார்கள். 1960களின் ஃபெண்டர்கள் பலவற்றில் நைட்ரோ நிறத்துக்கு அடியிலேயே கரையாத ஒரு சீலர் இருக்கிறது. அவற்றின் சத்தத்தை யாரும் குறை சொன்னதில்லை.

புதுக் கிட்டாரை உப்புத்தாள் போட்டுப் பழசாக்கித் தருவீர்களா?

மாட்டேன், மன்னியுங்கள். ஃபெண்டர் 1995 முதல் அப்படித் தேய்த்தே விற்கிறது, அந்தக் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் பதினெட்டு வயதுத் தம்பி ஒருவர் வாங்கி ஆறு மாதமான கிட்டாரைக் கொண்டுவந்து கேட்கும்போது எனக்கு மனம் வரவில்லை. உப்புத்தாள் போகும் இடமும் அவர் கை போகப்போகும் இடமும் ஒன்றாக இருக்காது. பொலிப் பூச்சாக இருந்தால் அது தேய்ந்தது போலத் தெரியவும் தெரியாது, கீறியது போலத்தான் தெரியும். அவரிடம் என் எஸ்ஜியைக் கொடுத்து அந்த வெற்றிலை அளவு இடத்தில் முழங்கையை வைக்கச் சொன்னேன். அவர் கை இரண்டு அங்குலம் கீழே விழுந்தது.

முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடித்தால் என்ன செலவாகும்?

அடிக்கிற செலவை விடுங்கள், விலையில் இழப்பதுதான் பெரிது. பழைய நல்ல கிட்டார் ஒன்றின் மூலப்பூச்சைச் சுரண்டினால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். சாதாரணக் கிட்டார், உங்களுக்கு நிறமே பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். முகக்கவசம், காற்றோட்டம், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடம், காய்ந்த காலம், இவை இருக்க வேண்டும். அடித்து முடித்ததும் குறைந்தது நாலு வாரம் தொங்கவிட்டுக் காயவிடுங்கள், நம் குளிரில் ஆறு வாரம். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் தின்னர் வாசம் வருகிறதா, இன்னும் காயவில்லை, பெட்டியில் வைக்காதீர்கள்.